யாருக்காக எழுதப்பட்டன அந்தப் பொன்னெழுத்துகள்?

பத்திரிகைத் தொழிலுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம், வாசகனை மனதில் நிறுத்தி எழுது என்பதாகும். வாசகன் இல்லையென்றால் எழுத்துக்கு வேலையில்லை. அதிகாலையில் அச்சாகி, காலைத் தேநீரோடு வாசிக்கப்பட்டு, மாலையில் கச்சான் சுற்றும் கடதாசியாக மாறிவிடும் ஒரு பண்டத்தை உற்பத்தி செய்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட எம்போன்றோருக்கு அது வேதவாக்கு. ஆகவேதான், எவரும் வாசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கான சுருள்களைப் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதிக் குவித்த ஒரு காலத்தைப் பற்றி அறிய நேர்ந்தபோது எனக்கு முதலில் திகைப்பும், பிறகு ஒருவகைப் பொறாமையும், இறுதியில் ஒரு கேள்வியும் எழுந்தன. யாருக்காக எழுதினார்கள் அவர்கள்? அந்தக் கேள்வியையே இன்று வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாம் பேசப்போவது ஜப்பானைப் பற்றி. குறிப்பாக, இன்றைய கியோத்தோ நகரைத் தலைநகராகக் கொண்டு 794 முதல் 1185 வரை நீடித்த ஹெயான் காலத்தையும் அதற்குச் சற்று முன்னரும் பின்னருமான காலத்தையும் பற்றி. பௌத்த சூத்திரங்களைக் கையால் பெயர்த்தெழுதுவது அக்காலத்தில் பெரும் புண்ணிய காரியமாகக் கருதப்பட்டது. சக்கரவர்த்திகள் எழுதினார்கள். அரசிகளும் அந்தப்புரப் பெண்களும் எழுதினார்கள். வாளேந்திய படைத்தலைவர்களும் எழுதினார்கள். எழுத முடியாதவர்கள் பொருள் கொடுத்து எழுதுவித்தார்கள்.

1007ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். அன்றைய ஜப்பானின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர் புஜிவாரா நோ மிச்சினாகா என்ற பிரபு. தம் புதல்விகளைச் சக்கரவர்த்திகளுக்கு மணமுடித்துக் கொடுத்து, பேரப்பிள்ளைகளை அரியணையில் அமர்த்தி, தாம் திரைக்குப் பின்னிருந்து ஆண்டவர். அவர் அவ்வாண்டில் கின்பு என்ற புனித மலையின் மீது ஏறினார். தம் கையாலேயே எழுதிய சூத்திரச் சுருள்களைப் பொன்முலாம் பூசிய வெண்கல உருளை ஒன்றினுள் வைத்து அங்கே மண்ணில் புதைத்தார். அந்த உருளையின் மேற்புறத்தில் தம் வேண்டுதலையும் பொறித்து வைத்தார். 17ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

எழுதியதை ஏன் புதைக்க வேண்டும்? புத்தரின் போதனை காலப்போக்கில் தேய்ந்து, இறுதியில் அதைக் கடைப்பிடிப்போரே இல்லாத ஒரு யுகம் பிறக்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஜப்பானியர் 1052ஆம் ஆண்டை அந்த இருண்ட யுகத்தின் தொடக்கமாகக் கணித்திருந்தனர். அதற்குப் பின்னர் மைத்ரேயர் என்ற எதிர்காலப் புத்தர் தோன்றுவார். அதற்கு 567 கோடி ஆண்டுகள் செல்லும். அதுவரையில் தர்மம் அழியாதிருக்க வேண்டுமாயின் அதை மண்ணில் பத்திரப்படுத்த வேண்டும். மைத்ரேயர் வரும் நாளில் தாம் புதைத்த சுருள்கள் தாமாகவே நிலத்தைப் பிளந்துகொண்டு மேலெழும் என்றும், தாமும் அங்கே வந்து அவரது உபதேசத்தைக் கேட்கப்போவதாகவும் மிச்சினாகா நம்பினார். ஒரு நாள் ஆயுள்கொண்ட செய்தித்தாளை ஒரு பக்கத்திலும், 567 கோடி ஆண்டுகளுக்குப் பின்னர் வரப்போகும் வாசகருக்காகப் புதைக்கப்பட்ட ஏட்டை மறுபக்கத்திலும் வைத்துப் பார்த்தால், எழுத்து என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை தூரம் அடங்கிக் கிடக்கிறது என்பது விளங்கும்.

இந்தப் பக்திக்கு அடிப்படையாக அமைந்த நூல்களுள் முதன்மையானது தாமரைச் சூத்திரம். சமஸ்கிருதத்தில் சத்தர்ம புண்டரீகம் என்று வழங்கும் இந்நூலைக் குமாரஜீவர் 406ஆம் ஆண்டில் சீனமொழியில் ஆக்கினார். அந்தச் சீன மொழிபெயர்ப்பையே ஜப்பானியரும் பயன்படுத்தினர். மொத்தம் 28 அத்தியாயங்கள். ஏறத்தாழ 70,000 சீன எழுத்துகள். தன்னை ஏற்றுப் போற்றுதல், வாசித்தல், ஓதுதல், விளக்குதல் ஆகியவற்றோடு தன்னைப் பெயர்த்தெழுதுவதையும் ஒரு புண்ணியச் செயலாக அந்நூலே எடுத்துச் சொல்கிறது. எனவே எழுதப்பட்ட பிரதியை எவராவது வாசிக்கிறார்களா என்பது இரண்டாம் கேள்வியாகிவிட்டது. எழுதி முடித்த கணத்திலேயே பலன் கிடைத்துவிடுகிறது.

இந்நம்பிக்கை முற்றிய நிலையில் ஒவ்வோர் எழுத்துமே ஒரு புத்தர் என்ற எண்ணம் வேரூன்றியது. அதன் விளைவாக வந்தவை வியப்பூட்டும் பிரதிகள். சிலவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒரு தாமரைப் பீடம் வரையப்பட்டிருக்கும், விக்கிரகத்தை அமர்த்துவது போல. சிலவற்றில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறிய தூபிக்குள் குடிகொண்டிருக்கும். வேறு சிலவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் சின்னஞ்சிறு புத்தர் உருவமொன்று அமர்ந்திருக்கும். உச்சகட்டமாக, சூத்திரம் முழுவதையும் மிக நுண்ணிய பொன்னெழுத்துகளாக எழுதி, அந்த எழுத்து வரிசைகளையே தூண்களாகவும் கூரைகளாகவும் அடுக்கி, பல மாடிக் கோபுரமொன்றின் வடிவத்தை எழுப்பினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் கோபுரம். அருகில் சென்றால் வேதம். வரிகள் கூரையின் விளிம்போடு வளைந்தும் தூணோடு நிமிர்ந்தும் செல்வதால் அதனை வாசிப்பது மிகக் கடினம். வாசிப்பது அதன் நோக்கமும் அல்ல.

இவை செய்யப்பட்ட முறையையும் சொல்ல வேண்டும். கடதாசியை அவுரிச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து நள்ளிரவு வானத்தின் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். சூத்திரங்கள் வருணிக்கும் ஏழு வகை மணிகளுள் ஒன்றான நீலக்கல்லை அந்த நிறம் நினைவூட்டியது. பொன்னைத் தூளாக்கி, விலங்கின் தோலிலிருந்து காய்ச்சியெடுத்த பசையுடன் குழைத்து, அதைத் தூரிகையால் தொட்டு எழுதுவார்கள். ஒரு வரிக்கு 17 எழுத்துகள் என்பது பொதுவான கணக்கு. காய்ந்த பொன் முதலில் மங்கலாகத்தான் இருக்கும். காட்டுப்பன்றியின் கொம்புப் பல்லால் அதைத் தேய்த்து மெருகேற்றிய பின்னரே எழுத்துகள் ஒளிவிடும்.

இவற்றை எழுதிய கைகள் யாருடையவை? பெரும்பாலும் பெயர் தெரியாதவர்களுடையவை. ஆயினும் ஹெயான் காலத்துக்கு முந்திய நாரா காலத்து எழுத்தர்களைப் பற்றி எமக்கு ஓரளவு தெரியும். 8ஆம் நூற்றாண்டில் அரசே சூத்திரப் பிரதி அலுவலகங்களை நடத்தியது. அங்கே எழுதுவோர், ஒப்புநோக்குவோர், தாள்களை ஒட்டிச் சுருளாக்குவோர் என்று வேலைப் பிரிவினை இருந்தது. எழுதிய தாள்களின் எண்ணிக்கைப்படி கூலி. பிழை விட்டால் கூலியில் கழிவு. எழுத்து விடுபட்டால் ஒரு தொகை, முழு வரியே விடுபட்டால் அதைவிடப் பெரிய தொகை. பிழையைக் கண்டுபிடிக்கத் தவறிய ஒப்புநோக்காளருக்கும் தண்டம் உண்டு. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் பத்திரிகை அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் ஒப்புநோக்காளரின் தலையெழுத்து இதுதானா என்று கேட்பார்கள்.

அந்த எழுத்தர்கள் தயாரித்த கோரிக்கை மனு ஒன்றின் வரைவும் கிடைத்திருக்கிறது. அழுக்கேறிய வேலையுடைகளை மாற்றித் தர வேண்டும். மாதத்தில் ஐந்து நாள் விடுமுறை வேண்டும். தரமான உணவு வேண்டும். நாள் முழுதும் மேசையின் முன் குனிந்திருப்பதால் நெஞ்சு நோகிறது, கால் மரத்துப் போகிறது, ஆகவே மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது மது தர வேண்டும். புத்த வசனத்தை எழுதும் கைகளும் கூலிக்காரர்களின் கைகளே என்பதை இந்த மனு சொல்கிறது. இப்பதிவுகள் எஞ்சிய விதமும் சுவாரசியமானது. நாரா நகரிலுள்ள ஷோசோயின் என்ற பண்டகசாலையில் காக்கப்பட்ட ஆவணங்களுள் அவை அடங்கும். கடதாசி விலையுயர்ந்த பொருளாக இருந்ததால், காலாவதியான குடும்பப் பதிவேடுகளின் வெற்றுப் பக்கத்திலேயே பிரதி அலுவலகம் தன் கணக்குகளை எழுதியது. அதனால் 702ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவேடுகள்கூட இன்று எஞ்சியிருக்கின்றன. பொன்னெழுத்துக்குக் கிடைத்த அதே ஆயுள் கூலிக் கணக்குக்கும் கிடைத்திருக்கிறது.

பெயர்த்தெழுதும் மரபு எமக்கும் புதியதல்ல. பனையோலை செல்லரித்து அழியக்கூடியது என்பதால், தலைமுறைக்குத் தலைமுறை ஏடுகளைப் பெயர்த்தெழுதியே எமது முன்னோர் இலக்கியத்தையும் மருத்துவத்தையும் சோதிடத்தையும் காத்தனர். ஆனால் அது பெரும்பாலும் நூல் அழியாதிருக்கச் செய்த முயற்சி. அடுத்து வரும் மாணாக்கன் அதை விரித்துப் படிப்பான் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. ஜப்பானியப் பிரதிகளில் அந்த மாணாக்கனின் இடத்தில் வேறு யாரோ அமர்ந்திருக்கிறார். அது யார் என்பதைக் கண்டுகொள்ள இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாமவர் புஜிவாரா நோ கியோஹிரா. மேலே சொன்ன மிச்சினாகாவைப் போலத் தலைநகரின் பிரபு அல்லர். நாட்டின் வடகிழக்குக் கோடியில், தலைநகரத்தார் காட்டுமிராண்டிகள் என்று இகழ்ந்த மக்கள் வாழ்ந்த மண்ணில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதிருக்கும்போது, 1062இல், போரில் தோற்ற அவரது தந்தை சிரச்சேதம் செய்யப்பட்டார். மொட்டையாக்கிய வாளால் மெதுவாக வெட்டினார்கள் என்று அக்காலப் போர் வரலாறு சொல்கிறது. தாய், வெற்றி பெற்ற குலத்தில் மறுமணம் செய்துவைக்கப்பட்டாள். தந்தையை வீழ்த்தியவர்களின் வீட்டிலேயே சிறுவன் வளர்ந்தான். பின்னர் அந்த வீட்டுக்குள்ளேயே வாரிசுப் போர் மூண்டது. 1086இல் ஒரே தாயின் வயிற்றில் பிறந்த தம்பி அவரது மாளிகையைத் தாக்கி மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றான். அடுத்த ஆண்டில் போர் முடிந்தபோது எஞ்சி நின்றவர் கியோஹிரா மட்டுமே. வடக்கு முழுவதும் அவர் கைக்கு வந்தது. அந்த நிலத்தில் விளைந்த பொன்னும் வந்தது.

அந்தப் பொன்னை அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. ஹிராய்சுமி என்ற ஊரில் சூசொன்-ஜி விகாரையை எழுப்பினார். அதன் பொன்மண்டபம் 1124இல் நிறைவு பெற்று இன்றும் நிற்கிறது. அதோடு, பௌத்தத் திருமறைகள் அனைத்தையும் அவுரி நீலத் தாளில் எழுதுவித்தார். ஒரு வரி பொன்னில், அடுத்த வரி வெள்ளியில். ஐயாயிரத்துக்கும் அதிகமான சுருள்கள். 1117இல் தொடங்கி 1126 வரையில் அந்தப் பணி நடந்தது. பிற்காலத்தில் அவற்றில் பெரும்பகுதி கோயா மலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, நான்காயிரத்துக்கு மேற்பட்ட சுருள்கள் இன்றும் அங்கே உள்ளன. எழுதுவித்த விகாரையில் எஞ்சியிருப்பவை 15 மட்டுமே.

1126இல் விகாரையை அர்ப்பணித்தபோது சமர்ப்பிக்கப்பட்ட பிரார்த்தனைப் பத்திரத்தில் அவரது நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. அரச படையைச் சேர்ந்தவராயினும் எதிர்த்து நின்ற வடபுலத்தவராயினும், போர்களில் மாண்டோர் எண்ணற்றோர். பறவைகளும் விலங்குகளும் மீன்களும்கூடக் கொல்லப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. விகாரையின் மணியோசை ஒவ்வொரு முறை நிலத்தை அதிரச் செய்யும்போதும் அந்தக் குற்றமற்ற ஆவிகள் அனைத்தும் தூய உலகுக்குச் சென்று சேர வேண்டும். இதுவே அதன் சாரம். தந்தையைக் கொன்றவர்களின் தரப்பும் அதில் அடங்கும். மனைவியையும் மக்களையும் கொன்றவர்களின் தரப்பும் அதில் அடங்கும். இதில் அரசியலே இல்லை என்று சொல்வதற்கில்லை. தலைநகரத்தாரின் சந்தேகத்தைத் தணிப்பதும், வடக்கு ஒன்றும் பண்பாடற்ற நிலமல்ல என்று காட்டுவதும் அவருக்குத் தேவையாகவே இருந்தன. இருந்தும், இரு தரப்பு இறந்தோரையும் ஒரே வாக்கியத்துக்குள் வைக்க அவரால் முடிந்தது.

இது எத்தனை அரிய செயல் என்பதை யுத்த காலத்துப் பத்திரிகையாளர்கள் அறிவார்கள். எமது நாட்டில் 2009 வரை நீடித்த யுத்தத்தின்போது, மரணங்கள் நாளாந்தம் செய்தியாக ஆசிரிய பீடங்களை வந்தடைந்தன. ஒரு தரப்பில் இறந்தவர்களுக்குப் பெயரும் ஊரும் வயதும் இருந்தன. மறுதரப்பில் இறந்தவர்களுக்கு இலக்கம் மட்டுமே இருந்தது. எந்தத் தரப்புக்குப் பெயர், எந்தத் தரப்புக்கு இலக்கம் என்பது பத்திரிகையின் மொழியைப் பொறுத்து மாறியது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு தரப்பையும் ஒரே நிரலில், ஒரே எழுத்துருவில் எழுதிய தாளொன்றை அக்காலத்தில் காண்பது அரிதிலும் அரிது. ஒரு வரி பொன், ஒரு வரி வெள்ளி என்று மாறி மாறிச் செல்லும் அந்த நீலச் சுருளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. கியோஹிரா இரு தரப்பையும் குறிக்கத்தான் இரு உலோகங்களைத் தேர்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வழக்கம் அவருக்கு முன்னரும் இருந்தது. ஆனால் எதற்காக எழுதுவித்தார் என்று தெரிந்த பின்னர் அந்த வரிகளை வேறுவிதமாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

இரண்டாமவர் தைரா நோ கியோமொரி. ஹெய்கே என்று வரலாறு அழைக்கும் வீரர் குலத்தின் தலைவர். 1164ஆம் ஆண்டில், ஹிரோஷிமாவுக்கு அருகே கடலுக்குள் கால் பதித்து நிற்கும் இட்சுகுஷிமா ஆலயத்துக்கு அவர் காணிக்கையாக்கிய 33 சுருள்களே ‘ஹெய்கே நோக்யோ’ எனப்படுபவை. தாமரைச் சூத்திரத்தின் 28 அத்தியாயங்கள், அதன் முன்னும் பின்னும் ஓதப்படும் இரு சூத்திரங்கள், அமிதாப சூத்திரம், இதய சூத்திரம், கியோமொரியின் விண்ணப்பம் ஆகியன அவை. அவரும் புதல்வர்களும் உறவினரும் சேவகருமாக 32 பேர் ஆளுக்கொரு சுருளாகப் பொறுப்பேற்றதாக விண்ணப்பம் கூறுகிறது. போட்டி போட்டுக்கொண்டு அலங்கரித்திருக்கிறார்கள். தாளின் முன்புறமும் பின்புறமும் பொற்துகளும் வெள்ளித் துகளும் தூவப்பட்டிருக்கின்றன. சுருள் தண்டின் முனைகளில் பளிங்குக்கல். முகப்பில் வண்ண ஓவியங்கள். நாணலும் நீர்ப்பறவையுமாகத் தோன்றும் சித்திரங்களுக்குள் எழுத்துகளை ஒளித்து வைக்கும் விளையாட்டும் உண்டு. அலங்காரச் சூத்திரக் கலையின் சிகரம் இதுவே என்பதில் கலை வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

விண்ணப்பத்தின் நோக்கம் தெளிவானது. இட்சுகுஷிமாத் தெய்வத்தின் அருளால் குலம் செழித்தது. அதற்கு நன்றி. இனியும் அந்த அருள் தொடர வேண்டும்.

அதே 1164இல், சில வாரங்களுக்கு முன்னர், கடலுக்கு அப்பால் சானுகி என்ற நாடுகடத்தல் நிலத்தில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் முன்னாள் சக்கரவர்த்தி சுதோக்கு. 1156இல் நடந்த அதிகாரப் போட்டியில் தம் சகோதரரான கோ-ஷிரகாவாவிடம் தோற்று நாடுகடத்தப்பட்டவர். அந்தப் போரில் வென்ற தரப்புக்காக வாளேந்தியவர்களுள் முக்கியமானவர் கியோமொரி. நாடுகடத்தப்பட்ட நிலத்தில் சுதோக்கு ஆண்டுக்கணக்காகச் சூத்திரங்களைத் தம் கையால் எழுதி, அவற்றையாவது தலைநகருக்கு அருகிலுள்ள விகாரை ஒன்றில் வைக்கும்படி வேண்டி அனுப்பினார் என்றும், எழுத்தில் சாபம் கலந்திருக்குமோ என்று அஞ்சிய அரசவை அவற்றை ஏற்க மறுத்தது என்றும், மனமுடைந்த அவர் தம் இரத்தத்தைத் தொட்டு உண்மையாகவே சாபத்தை எழுதினார் என்றும் பிற்காலப் போர்க்காவியம் கூறுகிறது. இதில் கதை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பது வேறு விடயம். அரசகுலம் அதை நம்பி அஞ்சியது. 700 ஆண்டுகளுக்குப் பின்னர், 1868இல், மெய்ஜி சக்கரவர்த்தி சுதோக்குவின் ஆவியைக் கியோத்தோவுக்கு அழைத்து வந்து கோயிலமைத்துச் சமாதானப்படுத்தினார். ஒரே ஆண்டில் ஒரே சூத்திர மரபின் இரண்டு முகங்கள். வென்றவரின் எழுத்து பளிங்கு முனையோடு ஆலயத்துக்குள் சென்றது. தோற்றவரின் எழுத்துக்கு வாசலே திறக்கப்படவில்லை.

வென்றவரின் கதை பின்னர் எப்படிப் போனது? கியோமொரி 1167இல் நாட்டின் அதியுயர் பதவியை அடைந்தார். மகளைச் சக்கரவர்த்திக்கு மணமுடித்தார். அவளுக்குப் பிறந்த அந்தொகு என்ற குழந்தை 1180இல் அரியணை ஏறியது. 1181 ஜனவரியில், எதிர்த்து நின்ற நாரா விகாரைகளை அடக்கச் சென்ற அவரது மகனின் படை தோதாய்-ஜி, கோபுகு-ஜி ஆகிய பெருவிகாரைகளை எரித்தது. நாராவின் பெரும் புத்தர் சிலை தீயில் சிதைந்தது. ஜப்பானிலேயே மிக அழகிய சூத்திரங்களைக் காணிக்கையாக்கிய குலமே ஜப்பானின் மிகப் பெரிய புத்தரையும் எரித்தது. அடுத்த சில வாரங்களில் கியோமொரி காய்ச்சலில் இறந்தார். 1185இல் தன்-நோ-உரா என்ற கடற்போரில் குலமே அழிந்தது. கியோமொரியின் மனைவி, குழந்தைச் சக்கரவர்த்தியை அணைத்தபடி கடலில் குதித்தாள்.

அந்தச் சுருள்களுள் ஒன்றின் முகப்போவியத்தில், கடலிலிருந்து எழுந்து வந்து புத்தருக்கு மணியொன்றைச் சமர்ப்பிக்கும் நாகராசனின் எட்டு வயது மகள் தீட்டப்பட்டிருக்கிறாள். பெண்ணுக்குப் புத்தநிலை வாய்க்காது என்று சொன்னவர்களின் கண்முன்னே அவள் புத்தநிலையை எய்தியதாகத் தாமரைச் சூத்திரம் சொல்கிறது. இட்சுகுஷிமாத் தெய்வத்தையும் நாகராசனின் மகளாகவே மக்கள் கருதினர். கடல் தந்த குழந்தை கடலுக்கே திரும்பியது என்று அடுத்த தலைமுறையில் வரலாறு எழுதிய ஜியென் என்ற துறவி அந்தொகுவின் முடிவுக்கு இவ்வாறே விளக்கம் தேடினார். குலம் அழிந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் சுருள்கள் ஆலயத்திலேயே இருந்தன. 1602இல் அவை பழுதுபார்க்கப்பட்டபோது மாற்றப்பட்ட சில பகுதிகளின் ஓவியங்கள் தவராயா சொதத்சு என்ற பேரோவியருடையவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காத்தருள வேண்டும் என்று எழுதியவர்கள் அழிந்தார்கள். எழுத்து மட்டும் காக்கப்பட்டது.

அரசியலும் போரும் இல்லாத எழுத்தும் இம்மரபில் உண்டு. சேய்வா சக்கரவர்த்தி 881இல் இறந்த பின்னர், அவரது தேவியருள் ஒருத்தியான புஜிவாரா நோ தமிகோ, அவர் தனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் சேர்த்து, நீரிலிட்டுக் கூழாக்கி, மீண்டும் தாளாக வார்ப்பித்து அதில் தாமரைச் சூத்திரத்தை எழுதுவித்தாள் என்று அரச வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பழைய கடிதங்களின் மை கரைந்து கலப்பதால் இத்தகைய தாள் வெண்மையாக வராது. மெல்லிய சாம்பல் நிறமாக இருக்கும். அந்தச் சாம்பல் நிறம், இறந்தவனின் கையெழுத்துதான். அதன்மேல் சூத்திரம் எழுதப்படுகிறது. இதைவிடச் செலவு குறைந்த அலங்காரம் வேறில்லை. இதைவிட விலைமதிப்பு மிக்கதும் இல்லையென்றே நான் எண்ணுகிறேன்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் சொல்லலாம். சுதோக்குவை வென்ற கோ-ஷிரகாவா 1192இல் இறந்தபோது, அவரது மேற்பார்வையில் வரையப்பட்டு வந்த கதைச் சித்திரச் சுருளொன்று பாதியில் நின்றது. ஆடைகளும் கூந்தலும் அறைகளும் கோடுகளாக வரையப்பட்டாயிற்று. முகங்களில் கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் தீட்டப்படவில்லை. அவரது ஆன்மாவுக்காக அந்தத் தாள்களின் மீதே சூத்திரத்தை எழுதினார்கள். ‘கண்ணில்லாச் சூத்திரம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. எழுத்து வரிகளுக்குப் பின்னாலிருந்து முகமில்லாத மனிதர்கள் எம்மை நோக்கி நிற்கிறார்கள்.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். வாசகர் இல்லாத எழுத்து என்று தொடக்கத்தில் எண்ணியது முழுமையான உண்மையல்ல என்பது இதற்குள் தெளிவாகியிருக்கும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசகர் இருந்தார். மிச்சினாகாவுக்கு இன்னும் பிறவாத புத்தர். கியோமொரிக்கு வரம் தரும் தெய்வம். சுதோக்குவுக்கு ஏற்க மறுத்த தலைநகரம். தமிகோவுக்கு இறந்துபோன ஒரேயொருவன். கியோஹிராவுக்கு இரண்டு பக்கத்திலும் மாண்ட எல்லோரும். எழுத்து ஒன்றே. அதே 17 எழுத்து வரி. அதே அவுரி நீலம், அதே பொன். ஒரு சொல்லைக்கூட எவரும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் யாரை நோக்கி எழுதினார்கள் என்பதில்தான் அவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. கலையின் அளவுகோலால் அளந்தால் கியோமொரியின் 33 சுருள்களுக்கே முதலிடம். வேறோர் அளவுகோலால் அளந்தால், நான் சாம்பல் நிறத் தாளையும் வடக்கின் நீலச் சுருள்களையுமே முன்னே வைப்பேன்.

இறந்தவர்களை நோக்கி எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கியோஹிராவின் வம்சமும் நிலைக்கவில்லை. 1189இல் மினமோத்தோ நோ யோரித்தோமோவின் படை ஹிராய்சுமியைக் கைப்பற்றியது. நான்காம் தலைமுறைத் தலைவன் யசுஹிரா கொல்லப்பட்டான். அவனது வெட்டுண்ட தலை, பொன்மண்டபத்தில் அவன் முன்னோரின் உடல்களோடு வைக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு தரப்பு இறந்தோருக்காகவும் எழுப்பப்பட்ட அந்த மண்டபத்தை வென்றவர்கள் எரிக்கவில்லை. அது நின்றது. 2011இல் ஹிராய்சுமி உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதம் கடற்கோள் அதே வடகிழக்குக் கரையில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றிருந்தது. எல்லா ஆவிகளுக்குமாகச் செய்யப்பட்ட அந்தப் பழைய பிரார்த்தனைக்கு அந்த மக்களிடையே புதிதாகப் பொருள் விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

1950இல் அறிஞர்கள் அந்த மண்டபத்தின் உடல்களை ஆராய்ந்தபோது, யசுஹிராவின் தலை வைக்கப்பட்டிருந்த பெட்டிக்குள் தாமரை விதைகளைக் கண்டெடுத்தனர். யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், வெட்டுண்ட தலைக்குப் பக்கத்தில் தாமரையை வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து அவ்விதைகள் முளைக்க வைக்கப்பட்டன. 1998இல், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின்னர், அவை பூத்தன. இன்றும் கோடை காலத்தில் சூசொன்-ஜியின் குளத்தில் அந்தத் தாமரைகள் பூக்கின்றன.